மே 18க்கும் மே 19க்கும் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம்?

 

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையிருந்தால் கடைசிவரை வாசியுங்கள், அதன்பிறகு ஏசுவதாக இருந்தால் ஏசுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஏசுவதற்கு மட்டும் வரவேண்டாம்.

மே மாதம் பிறந்தாலே எமது வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் தேசியக் கொடியும் துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் நிழலும் போட்ட போஸ்டர்கள். "எமது பள்ளிவாசல் சார்பாக ஒரு பெனர் அடிக்க வேண்டாமா?" என்று யாராவது கேட்பார். இன்னொருவர் "இது எமது சண்டையே அல்ல, வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லது" என்பார். அதற்குள் வெள்ளவத்தைக் கடற்கரையில் நாலு பேர் விளக்கேற்றும் வீடியோ ஒன்று வந்து விழும். "பாருங்கள், புலிக்கு விளக்குப் பிடிக்கிறார்கள்" என்ற தலைப்போடு. யார் எடுத்தது, யார் தலைப்புப் போட்டது என்று கேட்க ஆளில்லை. எல்லோரும் பார்வர்ட் பண்ணிவிட்டு அஸர் தொழப் போய்விடுகிறோம்.

இந்த மூன்று நிலைப்பாட்டிலும் எமக்கு உடன்பாடில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் படையினர் விடயம். இதில் நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை. முப்பது வருட யுத்தத்தில் உயிரிழந்த 25,000க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் பத்தரமுல்லை நினைவுத்தூபியைச் சூழப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதில் எமது பெயர்களும் உண்டு. விசேட படையணியின் கட்டளை அதிகாரி பஸ்லி லாபிர் 1996 ஜூலை 19ஆம் திகதி, முற்றுகையிடப்பட்ட முல்லைத்தீவு முகாமை மீட்கப் போன இடத்தில் உயிரிழந்தார். நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணம் அவருக்குக் கிடைத்தது. அந்த முகாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். அது நடந்து ஐந்தே நாளில் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. அன்று வேலை முடிந்து வீடு திரும்பியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 2005 மே 31ஆம் திகதி பொல்ஹேன்கொடையில் சுட்டுக் கொல்லப்பட்ட புலனாய்வு அதிகாரி துவான் நிசாம் முத்தலிப் மலாய் சமூகத்தவர். கொம்பனித்தெருவிலும் ஹுனுபிட்டியவிலும் பல மலாய்க் குடும்பங்களுக்கு பட்டாளம், பொலிஸ் என்பது பரம்பரைத் தொழில். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸாரைப் புலிகள் கொன்றபோது சிங்களவர்களோடு முஸ்லிம் பொலிஸாரும் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அறுநூறு பேரளவில் என்று சொல்லப்படுகிறது. அவர்களுடைய உம்மாமார் ஜனாஸா பார்க்கவில்லை.

இவர்களை நினைப்பது கடமை. ஆனால் நாம் இவர்களை எப்போது நினைக்கிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எங்காவது ஒரு மேடையில் யாரோ எமது சமூகத்தைப் பார்த்து "நீங்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போதுதான் லாபிரின் படத்தை எடுத்து வெளியே வைக்கிறோம். 2012 தம்புள்ளைக்குப் பிறகு எடுத்தோம், 2014 அளுத்கமைக்குப் பிறகு எடுத்தோம், 2018 திகனைக்குப் பிறகு எடுத்தோம், 2019 ஏப்ரலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். செக் பொயின்ட்டில் அடையாள அட்டையை நீட்டுவது மாதிரி ஒரு மையித்தை நீட்டுகிறோம். அவர் செத்தது எமக்கு விசுவாசச் சான்றிதழ் எடுத்துத் தருவதற்காக அல்ல. மற்ற நாட்களில் அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எமது எந்த நிர்வாக சபையாவது தேடியிருக்கிறதா?

இது எமது சமூகத்துக் குறை மட்டுமல்ல. முழு நாடும் இப்படித்தான். 2009க்குப் பிறகு சில வருடங்கள் காலி முகத்திடலில் கவச வாகனம் ஓடியது, விமானம் பறந்தது. 2015இல் வந்த அரசாங்கம் "வெற்றி விழா" என்ற பெயரை "நினைவு தினம்" என்று மாற்றியது. அதற்கே பெரிய சத்தம். பெயரைப் பற்றி சண்டை பிடித்தவர்கள் யாரும், அடுத்த வருடம் அதே கோட்டையில் காலிழந்த, கண்ணிழந்த முன்னாள் சிப்பாய்கள் ஓய்வூதியம் கேட்டு வீதியில் உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் உட்காரவில்லை. அவர்கள் கேட்டது பெரிய விடயமல்ல. பன்னிரண்டு வருட சேவையை முடிக்க முன்னரே அங்கவீனமுற்று வெளியேறியவர்களுக்கும் ஓய்வூதியம் தாருங்கள் என்பதுதான். பன்னிரண்டு வருடம் முடியும்வரை காத்திருந்துவிட்டா கண்ணிவெடி வெடிக்கிறது? 2016 நவம்பரில் அவர்கள் மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் அடிக்கப்பட்டது. பொய்க்கால் போட்ட மனிதன் மீது நீர்த்தாரை!

2024இல் இன்னொன்றைப் பார்த்தோம். நாடு வங்குரோத்தாகி இரண்டு வருடம். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் லட்சக்கணக்கில் சம்பளம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ரஷ்யாவுக்குப் போனார்கள். சமையல் வேலை, காவல் வேலை என்று சொல்லித்தான் பலரைக் கூட்டிப்போனார்கள். போய் இறங்கியது உக்ரைன் போர்முனையில். நூற்றுக்கணக்கில் முறைப்பாடு வந்து பாதுகாப்பு அமைச்சு தனியாக ஒரு பிரிவே திறக்க வேண்டி வந்தது. சிலர் மையித்தாகக்கூட வரவில்லை. அதே மே மாதம் இங்கே "ரணவிரு" நினைவு நிகழ்வும் நடந்தது. மலர்வளையம் வைத்தவர்கள் யாருக்கும் இது இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றிய செய்தி என்று தோன்றியதாகத் தெரியவில்லை.

யுத்தத்துக்குப் போனது யார் என்பது எமக்குத் தெரியும். அநுராதபுரம், குருணாகல், மொனராகலைப் பக்கத்து வயல் வீட்டுப் பிள்ளைகள். கொழும்பு ஏழில் இருந்து எத்தனை பேர் போனார்கள்? அந்தக் கிராமத்துத் தாயும் முல்லைத்தீவுத் தாயும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அவர்களுக்கிடையில் பேசுவதற்கு நிறைய இருக்கும். நடுவில் மொழிபெயர்க்கத்தான் ஆள் வேண்டும். இரண்டு மொழியும் பேசும் கொழும்பு முஸ்லிம்கள் நாம் அந்த வேலையையாவது செய்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. எமது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், பிள்ளைகளுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் முதலாம் உலக யுத்தம் முடிந்த நவம்பர் 11ஆம் திகதி கொழும்பில் சிவப்பு பொப்பி மலர் விற்பார்கள், முன்னாள் படைவீரர்களுக்கு நிதி சேர்க்க. சேர்ந்த காசில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போய்விடும். அதே யுத்தத்துக்குப் போய்வந்த இலங்கையர்களுக்கு மிச்சம் மீதிதான். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் இதைப் பார்த்துப் பொறுக்காமல், எமது சிப்பாய்களுக்காக எமது பூ என்று சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, எமது வேலியோரத்துப் பூவரசம்பூ. பின்னர் இடதுசாரி இளைஞர்கள் அதை எடுத்து, டொரீன் யங் தலைமையில் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். 1934, 35 மலேரியாவின்போது ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தவர்களும் அவர்கள்தான். படைவீரனைக் கௌரவிப்பது என்ற கேள்வி அப்போதே "காசு யாருக்குப் போகிறது, பூ யாருடையது" என்ற கேள்வியாகத்தான் இருந்தது. இன்றும் அதுவேதான்.

சரி, மே 18க்கு வருவோம். வெள்ளவத்தைக்கு வருவோம்.

2009 மே 18, 19 இரண்டு நாளும் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சந்திக்குச் சந்தி பட்டாசு, வாகனங்களில் கொடி, பாற்சோறு. அந்த மகிழ்ச்சி முழுக்கப் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். 1987இல் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நூறு பேருக்கு மேல் சிதறியதைப் பார்த்த ஊர் இது. 1996இல் மத்திய வங்கி எரிந்ததைப் பார்த்த ஊர். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, வாப்பா ஒரு பஸ்ஸிலும் உம்மா இன்னொரு பஸ்ஸிலும் போன காலம் அது. ஒரு குண்டில் இருவரும் போய்விடக்கூடாது என்பதற்காக. அது முடிந்தது என்றபோது மூச்சு விட்டவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அதே நாளில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் எத்தனை வீடுகளின் கதவு பூட்டிக் கிடந்தது? கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் எத்தனை பேர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, வவுனியா முகாமில் யார் உயிரோடு வந்து சேர்ந்தார்கள் என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் விழித்திருந்தார்கள்? ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. எண்ணிக்கையைப் பற்றி இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். அடுத்த வீட்டு அக்காவின் தம்பி வரவில்லை என்பது எண்ணிக்கைக் கணக்கு அல்ல.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னர், 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன்னர், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். "கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை" என்றார்கள். வைத்தியசாலைக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், கிழவிகள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அந்த பஸ்களைப் பார்த்தபோது எமக்கு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டே மணித்தியாலம் கொடுத்து வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள் எமது உறவுகள். முழு வடக்கிலுமாக சுமார் 75,000 பேர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. விரட்டியவன் வேறு, விரட்டப்பட்டவன் வேறு, ஆனால் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டவனின் முகம் ஒன்றுதான்.

இப்போது கேள்வி வரும் என்று தெரியும். போன வருடமும் வந்தது. "காத்தான்குடி மறந்துவிட்டதா? ஏறாவூர் மறந்துவிட்டதா?"

மறக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்களை, ஸுஜூதில் கிடந்த பிள்ளைகளை, பள்ளிவாசலுக்குள் வைத்துச் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல். ஒன்பது நாளில் ஏறாவூர். இதை எந்த விளக்கமும் கழுவாது. 2002இல் கிளிநொச்சி ஊடக மாநாட்டில் அன்டன் பாலசிங்கம் வடக்கு வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார் என்பதும் வரலாறு. அது போதுமா என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். தமிழ் நண்பர்களிடமும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். மே 18 மேடைகளில் எல்லா அநீதியும் வரிசையாக வாசிக்கப்படுகிறது. 1990 ஒக்டோபர் மட்டும் அநேகமாக வருவதில்லை. வந்தால் உங்கள் துக்கம் குறைந்துவிடாது, எமது ஆட்கள் பக்கத்தில் வந்து நிற்க ஒரு இடம் கிடைக்கும்.

அதேபோல, கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளுக்காகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. வீரமுனை என்ற பெயரை எமது பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? காத்தான்குடியைச் சொல்லிக்கொடுக்கும் வாயால் அதையும் சொல்லாவிட்டால் நாம் சரித்திரம் படிப்பிக்கவில்லை, வழக்குப் பேசுகிறோம்.

மேலும், புலி இயக்கத்தையும் இறந்த பிள்ளையையும் பிரித்துப் பார்க்க எமக்குத் தெரிய வேண்டும். கடைசி வருடங்களில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துப் போனார்கள். பதுங்கு குழிக்குள் ஒளித்து வைத்த பிள்ளையை இழுத்துப் போனார்கள். அந்தத் தாய் இன்று விளக்கேற்றினால் அது பிரபாகரனுக்கு ஏற்றியது என்று யார் முடிவு செய்தது? கொடி பிடித்து, இயக்கத்தைப் புகழ்ந்து நடத்தும் கூட்டத்துக்கு நாம் போகத் தேவையில்லை. நாம் போகவும் மாட்டோம். ஆனால் பெற்றவள் அழுவதற்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும் என்று எமது ஆட்களே வாதாடுவதைப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. இரண்டு முறை அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய மக்கள் விடுதலை முன்னணி ஒவ்வொரு நவம்பர் 13ஆம் திகதியும் தன் மாவீரர்களைப் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. இன்று நாட்டின் ஜனாதிபதியே அந்தக் கட்சியின் தலைவர். அது சரியென்றால் மற்றது எப்படிக் குற்றமாகும்? பத்தரமுல்லையில் இந்திய அமைதிப்படைக்கும் தூபி இருக்கிறது, இங்கே உயிரிழந்த சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்களுக்காக. வெளிநாட்டு இராணுவத்துக்கு ஒரு கல் நடும் அளவுக்கு எமது நாட்டுக்கு மனம் இருக்கிறது. வன்னித் துயிலும் இல்லங்கள் மட்டும் புல்டோசரால் தட்டப்பட்டன.

கஞ்சி விடயத்தையும் சொல்லிவிடுகிறோம். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிதான் சாப்பாடு. அதை ஞாபகப்படுத்தி ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் அதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு கோப்பைக் கஞ்சி! நோன்பு மாதம் முழுக்க எமது பள்ளிவாசல் முற்றத்தில் அண்டாவில் என்ன காய்ச்சுகிறோம்? வெசாக் காலத்தில் சிங்களச் சகோதரர்கள் வீதியில் நின்று போகிற வருகிறவர்களை மறித்து மறித்துத் தன்சல் கொடுக்கிறார்கள், நாமும் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறோம். பசித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு ஊற்றிக் கொடுப்பது குற்றம் என்றால், இந்த மூன்று அண்டாவில் எது முதலில் கவிழும் என்று யோசியுங்கள்.

இதை எல்லோரையும் விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம். 2020 மார்ச் கடைசியிலிருந்து அடுத்த வருடம் பெப்ரவரி வரை எமது ஜனாஸாக்களை எரித்தார்கள். விஞ்ஞானம் என்றார்கள், நிலத்தடி நீர் என்றார்கள். பொரளைக் கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? கட்டியவர்களில் சிங்களவர் இருந்தார்கள், தமிழர் இருந்தார்கள், பாதிரிமார் இருந்தார்கள். இரவோடிரவாக யாரோ அதை அவிழ்த்துப் போட்டார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. அப்போது எம்மவர்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், கூடவும் நடந்தார்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எரிந்தது எரிந்ததுதான். மையித்தைக் கண்ணியமாக அனுப்பவும் அதற்காக அழவும் ஒரு மனிதனுக்கு இடம் கொடுக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் பாடமெடுக்கத் தேவையில்லை. இவ்வளவும் பட்ட பிறகு வெள்ளவத்தையில் மெழுகுதிரி பிடித்தவர்களைச் சிலர் வந்து கூச்சலிட்டு விரட்டப் பார்க்கும் வீடியோவுக்கு எமது விரல் எப்படி "லைக்" போடுகிறது?

ரஸூலுல்லாஹ் ஒரு ஜனாஸா கடந்து போனபோது எழுந்து நின்றார்கள், அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள் என்பதை மத்ரஸாவில் முதல் வருடமே படித்திருக்கிறோம். பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறோம்.

ஒருவனின் வெற்றி நாள் இன்னொருவனின் துக்க நாளாக இருப்பது இலங்கையில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 1945 மே 8ஆம் திகதி ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. பாரிஸில் மணி அடித்தார்கள், தெருவில் ஆடினார்கள். அதே நாள், பிரான்ஸின் பிடியிலிருந்த அல்ஜீரியாவில், செதிஃப் என்ற ஊரில் அந்த வெற்றியைக் கொண்டாடப் போன ஊர்வலத்தில் முஸ்லிம்கள் தமது கொடியையும் தூக்கினார்கள். பொலிஸ் சுட்டது. கலவரம் மூண்டது, ஐரோப்பியர் சுமார் நூறு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கலாக அடுத்த கிழமைகளில் கொல்லப்பட்ட அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில். பிரான்ஸுக்காகப் போரிட்டு உயிரோடு திரும்பிய அல்ஜீரியச் சிப்பாய்கள் ஊருக்கு வந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. இன்றும் மே 8 ஒரு கரையில் வெற்றி தினம், மறு கரையில் துக்க தினம். பிரான்ஸ் அதைச் சரியாக வாய்திறந்து பேச அறுபது வருடம் எடுத்தது. நாமும் அத்தனை வருடம் எடுக்கப் போகிறோமா?

வகுப்பறைக்கு வருவோம், எமது பிழைப்பு அங்கேதான். இப்போது சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். யுத்தம் அவர்களுக்கு யூடியூப் சமாச்சாரம். கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஒரே வாங்கில் முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் உட்காருகிறது. ஒரு பிள்ளை கேட்டது: "ஸேர், நாங்க இந்த நாளுக்கு சந்தோஷப்படுறதா, கவலைப்படுறதா?" பக்கத்தில் இருந்த பிள்ளை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் குடும்பம் கிளிநொச்சியிலிருந்து வந்தது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும், கேட்ட பிள்ளைக்குத் தெரியாது. சரித்திரப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. யுத்தம் முடிந்ததற்குச் சந்தோஷப்படலாம், யுத்தத்தில் செத்தவர்களுக்காகக் கவலைப்படலாம், இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்று சொன்னோம். அது போதுமான பதில் என்று எமக்கே தோன்றவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள்.

நாட்டின் அளவில் இதற்கு ஒரு யோசனை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மஹிந்த ராஜபக்ஷ தாமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையில், பெப்ரவரி 4 சுதந்திர தினத்தன்று, யுத்தத்தில் பாதிக்கப்பட்ட அனைவருக்குமாக ஒரு தனி நிகழ்வு நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. படையினன், பொதுமகன், சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்குமாக. அன்றிலிருந்து அது அலுமாரியில். 2016 சுதந்திர தினத்தில் தமிழில் தேசிய கீதம் பாடியபோது நாடு இடிந்து விழவில்லை, இதைச் செய்தாலும் விழாது. இப்போதைய ஜனாதிபதி 2025 மே 19 நிகழ்வுக்கு வரமாட்டார் என்று முதலில் செய்தி வந்து, சத்தம் கிளம்பியபின் வந்தார். வந்தது பிழையென்று நாம் சொல்லவில்லை. படையினரின் பெற்றோருக்கு அந்த மரியாதை உரியது. முல்லைத்தீவுப் பெற்றோருக்கும் அவர்தான் ஜனாதிபதி என்பதை மட்டும் சொல்கிறோம்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பெனர் அடிக்கும் காசு எமது நிர்வாக சபைகளிடம் இருக்கிறது. அந்தக் காசோடு ஒரு வேன் பிடித்து ராகமை ரணவிரு செவனவுக்குப் போகலாம். அங்கே இன்னும் சக்கர நாற்காலியில் ஆட்கள் இருக்கிறார்கள். படம் எடுக்காமல் போய்விட்டு வர முடியுமா என்பதுதான் கேள்வி. எமது பகுதியில் படையிலும் பொலிஸிலும் பிள்ளையை இழந்த குடும்பங்கள், குண்டு வெடிப்பில் இழந்தவர்கள், வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறியவர்கள் என்று ஒரு சின்னப் பட்டியலாவது எழுதலாம். வயதானவர்கள் மௌத்தாகிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களோடு கதையும் போகிறது. உயர்தரப் பிள்ளைகளிடம் ஒரு போனைக் கொடுத்தால் பதிவு செய்துவிடுவார்கள். மே 18 பின்னேரம் பக்கத்து வீட்டில் விளக்கெரிந்தால் கதவைத் தட்டி "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதற்கு எந்த சபையின் தீர்மானமும் தேவையில்லை.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், ராகமைக்குப் போகும் விடயத்தை அடுத்த கூட்டத்தில் எடுங்கள். வர விரும்புபவர்கள் கொமண்டில் பெயரைப் போடுங்கள், வேன் ஒன்றா இரண்டா என்று பார்க்கலாம். சிங்களம் நன்றாகப் பேசுபவர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். பெண்களும் வரலாம், தனி வாகனம் ஒழுங்கு செய்யலாம். கொமண்டில் எந்த இனத்தையும் கேவலமாக எழுதினால் அழித்துவிடுவோம், பிறகு இன்பொக்ஸில் வந்து ஏன் என்று கேட்க வேண்டாம்.